கூச்சம் வளர்க்கும் நோய்

(சென்னீர்குப்பத்தில் பஞ்சாயத்து உறுப்பினர்களும் உழவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் நிகழ்த்திய உரை)





இவ்வட்டாரத்தின் பல மேடைகளில் நாம் நின்று பேசியிருக்கிறோம். ஏரிக் கால்வாய் தூர் எடுப்பதைப் பற்றிப் பேசினோம். குடிநீர்க் குழாயைப் பற்றிப் பேசினோம். விதை, உரம், கறவை மாடு ஆகியவற்றைப் பற்றியெல்லாம் பேசினோம். ஆனால் இன்று எடுத்துக்கொண்டிருக்கும் பொருள் எந்த மேடையிலும் பேசப்படாதது. ஆடவரின் மறைவிடத்தில் உண்டாகும் அரிப்பையும், எரிச்சலையும், புண்ணையும் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். இதைக் கேட்டதும் முன்வரிசையில் சிலர் தலைகுனிவதையும், பின்வரிசையில் இளைஞர் சிலர் சிரிப்பதையும் காண்கிறோம். அந்தத் தலைகுனிவும் அந்தச் சிரிப்புமே இவ்வுரைக்குக் காரணம்.

உட்கார மறுத்த பெரியவர்

நமது அலுவலகத்திற்கு உழவர் ஒருவர் அடிக்கடி வருவார். அறுபது வயதைக் கடந்தவர். எப்பொழுது வந்தாலும் நின்றுகொண்டே பேசுவார். நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னால், "இருக்கட்டும் ஐயா, நின்றே பழக்கம்" என்பார். அதை நாம் மரியாதை என்று எண்ணிக்கொண்டோம். ஒரு நாள் மனுவில் கையெழுத்திடக் குனிந்தவர் முகம் சுளித்துத் தொடையை அகட்டி நின்றார். அறையில் வேறு யாரும் இல்லாத நேரம் பார்த்து விசாரித்தோம். நெடுநேரம் தயங்கிய பிறகு, பதினொரு மாதங்களாகத் தொடையிடுக்கிலும் ஆண்குறியின் முனையிலும் அரிப்பும் எரிச்சலும் இருப்பதாகச் சொன்னார். உட்கார்ந்தால் புண் உரசுகிறது, அதனால்தான் நின்றார்.

"டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று கேட்டோம். "அதை எப்படி ஐயா காட்டுவது?" என்று அவர் நம்மையே திருப்பிக் கேட்டார். அக்கம்பக்கத்தார் ஒருவர் சொன்ன களிம்பின் பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக் கொடுத்து, பேரனை விட்டு மருந்துக்கடையில் வாங்கித் தடவி வந்திருக்கிறார். தடவினால் இரண்டு நாள் சுகம். விட்டால் முன்னிலும் மோசம். இவ்வாறு பதினொரு மாதங்கள். மனைவியிடமும் சொல்லவில்லை. தம்மைப் பற்றி அவள் தவறாக நினைத்துவிடுவாளோ என்ற அச்சம் அவருக்கு.

அவரை வற்புறுத்தி அரசு மருத்துவமனைக்கு அனுப்பினோம். மருத்துவர் பார்த்தார், இரத்தத்தைச் சோதித்தார். பெரியவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதும், அதை அவர் அறியாமலே இருந்ததும் வெளிப்பட்டன. முனையில் இருந்த அழற்சிக்கு அச்சர்க்கரையே காரணம். தொடையிடுக்கில் இருந்தது படர்தாமரை. அதைப் பெருக வைத்தது அந்தக் களிம்பு. தக்க சிகிச்சைக்குப் பின் அவர் நமது அறையில் நாற்காலியில் அமர்ந்து தேநீர் அருந்தினார்.

மாட்டின் குளம்பில் புண் கண்டால் அன்றே கால்நடை மருத்துவரை அழைக்கிறோம். பயிரின் இலையில் புள்ளி விழுந்தால் இலையைக் கிள்ளிக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் ஓடுகிறோம். நம் உடம்பில் ஒரு புள்ளி விழுந்தால் மட்டும் வேட்டியை இறுக்கிக் கட்டி மூடிவிடுகிறோம். இது முறையா என்று சிந்திக்க வேண்டுகிறோம்.

காரணங்கள் பல

அன்பர்களே, அரிப்பு என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்குப் பொதுவான அறிகுறி. இலை மஞ்சளாவது தண்ணீர் மிகுந்ததாலும் இருக்கலாம், சத்துக் குறைவாலும் இருக்கலாம், பூச்சியாலும் இருக்கலாம். காரணம் அறியாமல் மருந்து தெளிக்கிறவனை நல்ல உழவன் என்று யாரும் சொல்வதில்லை. அதுபோலவே இதுவும். முக்கியமான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலாவது, படர்தாமரை. இது பூஞ்சையால் வருவது. தொடையின் உட்புறத்தில் வட்டமாகப் பரவும். விளிம்பு சிவந்து தடித்தும், நடுப்பகுதி ஆறியது போலவும் காணப்படும். வியர்வையும் ஈரமும் இறுக்கமான உடையும் இதற்கு இடம் கொடுக்கின்றன. சேற்றில் நனைந்த உடையோடு நாள் முழுவதும் நிற்கும் உழவருக்கும், தடித்த சீருடை அணிந்து ஆலையில் உழைக்கும் தொழிலாளிக்கும், பூந்தமல்லி – ஆவடி சாலையில் வெயிலில் வண்டி ஓட்டும் ஓட்டுநருக்கும் இது எளிதில் வருகிறது. வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் துணி வெளுப்போரின் பெயரை இந்நோய்க்குச் சூட்டி, பழியை அவர்கள் மேல் போட்டார்கள். அது அநியாயம். அவர்கள் துணியை வெளுத்து வெயிலில் உலர்த்தித் தந்தார்கள். பூஞ்சை வளர்ந்தது அணிந்தவரின் வியர்வையில்.

இரண்டாவது, சொறி சிரங்கு. கண்ணுக்குப் புலப்படாத நுண்பூச்சி ஒன்று தோலைத் துளைத்து உள்ளே வாழ்வதால் வருவது. இரவில் அரிப்பு அதிகமாகும். விரலிடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு ஆகிய இடங்களிலும் இருக்கும். ஆண்குறியிலும் விரைப்பையிலும் சிறு முடிச்சுகளாகத் தோன்றும். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவருக்கும் பரவும். ஆகையால் அரிப்பு இல்லாதவர் உட்பட வீட்டார் அனைவரும் ஒரே நாளில் மருந்து பூசிக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் பூசிக்கொள்வது, பாத்தியில் ஒரு மூலையில் மட்டும் களை எடுப்பதற்கு ஒப்பாகும்.

மூன்றாவது, ஆண்குறியின் முனையிலும் முன்தோலின் உட்புறத்திலும் உண்டாகும் அழற்சி. சிவந்து எரியும், தயிர் போன்ற வெண்படலம் காணப்படலாம், முன்தோலில் சிறு வெடிப்புகள் தோன்றலாம். இதற்குப் பெரும்பாலும் ஒருவகை ஈஸ்ட் பூஞ்சை காரணம். சிறுநீரில் சர்க்கரை இருந்தால் அப்பூஞ்சைக்கு அது விருந்தாகிறது. நமது நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி அமைப்பு ஒன்றும் சேர்ந்து நடத்திய ஆய்வு 2023-ஆம் ஆண்டில் தெரிவித்தது. தமக்கு அந்நோய் இருப்பதை அறியாதவர்களும் நம்மிடையே பலர். அவர்களில் சிலருக்கு முதல் எச்சரிக்கை இவ்விடத்தில்தான் வருகிறது. நீரிழிவுக்காகச் சிறுநீர் வழியே சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரைகளும் இப்போது வழக்கத்தில் உள்ளன. டாபாகிளிஃப்ளோசின் அவற்றுள் ஒன்று. நல்ல மருந்துகளே, ஆயினும் அவற்றை உண்போரில் சிலருக்கு இந்த அழற்சி வரலாம். அதற்காக மாத்திரையைத் தாமே நிறுத்திவிடக் கூடாது. மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

நான்காவது, ஒவ்வாமையும் காரப் பொருள்களும். வாசனைச் சோப்பு, கிருமிநாசினித் திரவம், மண்ணெண்ணெய், எலுமிச்சம்பழச் சாறு முதலியவற்றை அரிப்புக்கு மருந்தென்று பூசி, இருந்த நோயோடு புதிய நோயையும் சேர்த்துக்கொள்வோர் உண்டு. கொதிநீர் ஊற்றினால் அப்பொழுது சுகமாயிருக்கும். பிறகு தோல் வெந்து அரிப்பு இரட்டிப்பாகும்.

ஐந்தாவது, உண்ட மருந்தின் விளைவு. சல்ஃபா மருந்துகளையும், காய்ச்சலுக்கும் வலிக்கும் கொடுக்கப்படும் சில மாத்திரைகளையும் உண்ணும் போதெல்லாம், சிலருக்கு ஆண்குறியில் ஒரே இடத்தில் எரிச்சலோடு கொப்புளமோ கரும்படையோ தோன்றும். இதைப் பால்வினை நோய் என்று எண்ணி வீணாகக் கலங்குவோர் உண்டு. முன்பு எந்த மாத்திரை உண்டோம் என்று நினைவுபடுத்திச் சொன்னால் மருத்துவர் எளிதில் கண்டுகொள்வார்.

ஆறாவது, பால்வினை நோய்கள். சிறுநீர்ப் புழையில் சீழ் வடிதல், சிறுநீர் கழிக்கையில் எரிச்சல், கொத்துக் கொத்தாகக் கொப்புளம், வலியில்லாத புண், மரு, அரையிடுக்கில் நெறி கட்டுதல் ஆகியவை இவற்றின் அடையாளங்கள். இவற்றில் பலவற்றை முற்றிலும் குணப்படுத்தலாம். குணப்படுத்த முடியாதவற்றையும் கட்டுப்படுத்தலாம். ஆனால் கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்துச் சோதனையும் சிகிச்சையும் தேவை. ஆணுறை அணிவது நல்ல பாதுகாப்பு.

இவற்றைத் தவிர, சொரியாசிஸ் போன்ற தோல் நோய்களும் அவ்விடத்தில் வருவதுண்டு. ஆகவே மறைவிடத்தில் அரிப்பு என்றவுடன் ஒருவனை ஒழுக்கம் கெட்டவன் என்று முடிவு கட்டுவது அறியாமை. மேலே கூறியவற்றுள் பெரும்பாலானவை ஒழுக்கத்தோடு சம்பந்தமற்றவை. அரிப்பு வந்ததற்காகக் கணவன் மனைவியைச் சந்தேகிப்பதும், மனைவி கணவனைச் சந்தேகிப்பதும் பல வீடுகளில் வீண் துயரை விளைவிக்கின்றன. காரணத்தைச் சொல்ல வேண்டியது சோதனையே ஒழிய, சந்தேகம் அன்று.

களிம்பு செய்த கேடு

அப்பெரியவர் தடவிய களிம்பைப் பற்றிச் சற்று விரிவாகக் கூற வேண்டும். ஏனெனில் அதே களிம்பு நம் ஊர்களில் எத்தனையோ வீட்டு அலமாரிகளில் இருக்கிறது.

அத்தகைய களிம்புகளில் பூஞ்சையைக் கொல்லும் மருந்தோடு வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கும். ஸ்டீராய்டு அரிப்பை உடனே அடக்கும். ஆனால் தோலின் எதிர்ப்பு ஆற்றலையும் சேர்த்து அடக்கிவிடும். கோரையை மேலே அறுத்துவிட்டு அடியில் உரமும் இட்டால் என்ன ஆகும்? பார்வைக்கு வயல் சுத்தமாகத் தோன்றும். கிழங்கு மண்ணுக்குள் பெருகும். பூஞ்சையின் கதையும் அதுவே. நாளடைவில் தோல் மெலிந்து, பிரசவத்திற்குப் பின் வயிற்றில் காணும் கோடுகளைப் போலத் தொடையிடுக்கில் கோடுகள் விழும். அக்கோடுகள் முற்றிலும் மறைவதில்லை.

மேலும், அவ்விடத்துத் தோல் மற்ற இடத்துத் தோலைப் போன்றதன்று. ஹைட்ரோகார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டை முன்கையின் தோல் ஓரளவு உறிஞ்சினால், விரைப்பையின் தோல் அதைப்போல் ஏறக்குறைய 42 மடங்கு உறிஞ்சுகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் 1967-ஆம் ஆண்டில் அளந்து காட்டினார்கள். கையில் தடவலாம் என்பது அங்கே தடவலாம் என்பதாகாது.

இக்களிம்புகளைக் கண்டபடி உபயோகித்ததன் பலனை இன்று நாடு முழுவதும் அனுபவிக்கிறது. வழக்கமான மருந்துக்கு எளிதில் அடங்காத படர்தாமரை நம் நாட்டில் பரவியுள்ளது. இதற்குக் காரணமான ஒரு பூஞ்சைக்கு 2020-ஆம் ஆண்டில் ட்ரைக்கோஃபைட்டான் இண்டோடீனியே என்று பெயரிட்டார்கள். நம் நாட்டின் பெயர் ஒரு நோய்ப்பூஞ்சையின் பெயரிலே கலந்துவிட்டது. இது பெருமைப்படத் தக்க செய்தியன்று. மத்திய அரசு 2018-ஆம் ஆண்டில் ஸ்டீராய்டுக் களிம்புகள் 14-ஐ மருத்துவர் சீட்டு இன்றி விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்தது. அதே ஆண்டில், பொருத்தமற்ற சேர்க்கை என்று கண்ட 328 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. அவற்றுள் இத்தகைய களிம்புகளும் இருந்தன. சட்டம் இருக்கிறது. ஆயினும் துண்டுச்சீட்டில் பெயர் எழுதிக் கேட்கிறவர் இருக்கும் வரையில் கொடுக்கிறவரும் இருப்பார். கேட்பதை நாம் நிறுத்த வேண்டும்.

பூச்சிமருந்து தெளிப்போருக்கு

உழவர்களுக்கென்று தனியாக ஒரு வார்த்தை. தெளிப்பானை முதுகில் சுமந்து பூச்சிமருந்து அடிக்கிறோம். இடையில் சிறுநீர் கழிக்க வரப்போரம் ஒதுங்குகிறோம். கழித்த பின் கை கழுவுவோர் உண்டு. கழிக்கும் முன் கழுவுவோர் மிகச் சிலரே. மருந்து பட்ட கை எங்கே படுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

பாரத்தியான் என்னும் பூச்சிமருந்தைக் கொண்டு 1971-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. முன்கையில் பட்ட மருந்தில் நூற்றுக்கு 9 பங்கிற்கும் குறைவாகவே உடலுக்குள் சென்றது. விரைப்பையில் பட்டதோ ஏறக்குறைய முழுவதும் உள்ளே சென்றது. ஆகவே மருந்து அடிக்கும் நாளில் ஒரு குடம் நல்ல தண்ணீரும் ஒரு சோப்புக் கட்டியும் வரப்பில் இருக்க வேண்டும். சிறுநீர் கழிக்கும் முன்னும் பின்னும் கை கழுவ வேண்டும். மருந்து கசிந்து இடுப்பு வேட்டி நனைந்தால் அப்பொழுதே அவிழ்த்து, உடம்பைக் கழுவி, மாற்று உடை அணிய வேண்டும். வேலை முடிந்ததும் குளித்துவிட்டே வீட்டுக்குள் நுழைய வேண்டும்.

மருத்துவர் என்ன செய்வார்?

மருத்துவரிடம் போனால் என்ன நடக்குமோ என்ற பயமே பலரைத் தடுக்கிறது. ஆதலால் அங்கே நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம்.

முதலில் கேள்விகள் கேட்பார். எத்தனை நாளாக இருக்கிறது? இரவில் அதிகமா? வீட்டில் வேறு யாருக்கேனும் அரிப்பு உண்டா? சிறுநீர் கழிக்கையில் எரிகிறதா? சீழ் வடிகிறதா? என்ன களிம்பு தடவினீர்கள்? என்ன மாத்திரை உண்டீர்கள்? சர்க்கரை நோய் உண்டா? பிற உறவு உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்டால் கோபம் கொள்ளக் கூடாது. மண் பரிசோதனைக்குப் போனால் முந்திய போகத்தில் என்ன பயிரிட்டீர்கள் என்று கேட்பதில்லையா? அதைப் போன்றதே இதுவும். உண்மையைச் சொன்னால் சிகிச்சை சுருங்கும். தடவிய களிம்பின் குழாயையும், உண்ட மாத்திரையின் அட்டையையும் உடன் எடுத்துச் செல்வது நல்லது.

அடுத்துப் பார்வையிடுவார். தொடையிடுக்கு, ஆண்குறி, விரைப்பை, முன்தோலின் உட்புறம் ஆகியவற்றைப் பார்ப்பார், விரலிடுக்கையும் பார்ப்பார், நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பார். சில நிமிடங்களில் முடிந்துவிடும். அவர் நாள்தோறும் செய்யும் வேலை அது. பார்க்காமலே மருந்து எழுதித் தரும்படி கேட்பவர் தம்மைத் தாமே ஏமாற்றிக்கொள்கிறார்.

பிறகு, தேவைப்பட்டால் சில சோதனைகள். படர்தாமரை என்று ஐயம் இருந்தால் தோலின் செதிலைச் சுரண்டி, காரக் கரைசல் இட்டு, நுண்ணோக்கியில் பூஞ்சை இழையைத் தேடுவார்கள். சீழ் இருந்தால் அதில் சிறிது எடுத்துச் சோதிப்பார்கள். சர்க்கரைக்கு இரத்தச் சோதனை உண்டு. பால்வினை நோய் என்று ஐயம் இருந்தால் சிஃபிலிஸ், எச்.ஐ.வி. ஆகியவற்றுக்கும் இரத்தம் எடுப்பார்கள். ஆறாத புண்ணாக இருந்தால் அதிலிருந்து சிறு துணுக்கை எடுத்துப் பரிசோதிப்பார்கள்.

நுண்ணோக்கியின் பெருமைக்கு நமது சென்னையே சாட்சி. மறைவிடத்தில் அழுகிப் பரவும் ஒருவகைப் புண்ணின் காரணம் நெடுங்காலம் விளங்காமல் இருந்தது. சென்னையில் பணியாற்றிய சார்லஸ் டானவன் என்னும் மருத்துவர், 1905-ஆம் ஆண்டில் அப்புண்ணிலிருந்து எடுத்ததை நுண்ணோக்கியில் நோக்கி, அதிலிருந்த நுண்ணுருக்களைக் கண்டறிந்தார். அந்நோய் இன்றும் அவர் பெயரால் டானவனோசிஸ் என்று வழங்குகிறது. சென்னையின் பால்வினை நோய் வல்லுநர்களான ஆர். வி. ராஜம், பி. என். ரங்கையா இருவரும் அதைப் பற்றி எழுதிய நூலை உலக சுகாதார நிறுவனம் 1954-ஆம் ஆண்டில் வெளியிட்டது. அன்று ஏழைகளை வாட்டிய அப்புண் இன்று அரிதாகிவிட்டது. யாரோ சில நோயாளிகள் வெட்கத்தை விட்டுக் காட்டினார்கள், மருத்துவர்கள் முகம் சுளிக்காமல் பார்த்தார்கள், காரணம் தெரிந்தது, பின்னர் மருந்தும் கிடைத்தது.

தாமதிக்கக் கூடாதவை

மற்றொரு நிகழ்ச்சியையும் சொல்ல வேண்டும். சொல்ல மனம் வருந்துகிறது. நாம் முன்பு பணியாற்றிய வேறொரு மாவட்டத்தில் நமக்கு நன்கு அறிமுகமான ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் முன்னின்று உதவுபவர். அவருக்கு முன்தோல் பின்னால் விலகாமல் இறுகியிருந்தது. அதன் அடியில் ஒரு புண். நீர் கசிந்தது, நாற்றம் எடுத்தது. இரண்டு ஆண்டுகள் மறைத்தார். கடைசியில் காட்டியபோது அது புற்றுநோயாக இருந்தது. உயிரைக் காக்க உறுப்பின் பெரும்பகுதியை அகற்ற நேர்ந்தது. மருத்துவமனையில் நாம் கண்டபோது, "ஒருவரிடமாவது சொல்லியிருக்கலாம்" என்றார். அந்த இரண்டு ஆண்டுகளில் நாம் அவ்வூரில் எத்தனையோ முகாம்கள் நடத்தினோம். மாடுகளுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தினோம். கண் சிகிச்சை முகாம் நடத்தினோம். இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று இம்மேடையில் பேசுவதற்கு அந்த நினைவும் ஒரு காரணம்.

இறுகிய முன்தோல், சுத்தக்குறைவு, புகையிலை, எச்.பி.வி. என்னும் வைரஸ் ஆகியவை அப்புற்றுநோய்க்குத் துணை செய்கின்றன. தொடக்கத்தில் கண்டால் சிறு சிகிச்சையிலேயே உறுப்பைக் காக்க வழி உண்டு. எனவே இரண்டு மூன்று வாரங்களில் ஆறாத புண், கட்டி, இரத்தக் கசிவு, வெண்மையாகத் தடித்த படை ஆகியவற்றில் எது கண்டாலும், வலி இல்லையென்று சும்மா இருக்கக் கூடாது.

அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலைகளும் உண்டு. பின்னுக்குத் தள்ளிய முன்தோல் திரும்ப வராமல் முனை வீங்கிவிடுதல், விரையில் திடீரென்று கடும் வலி, சிறுநீர் கட்டிக்கொள்ளுதல், அவ்விடம் வீங்கிக் கறுத்து, நாற்றமும் காய்ச்சலும் காணுதல் ஆகியவை அத்தகையவை. கடைசியாகச் சொன்னது சர்க்கரை நோயாளிகளுக்கு உயிராபத்தானது. விரை வலியில் நாளையன்று, மணி கணக்கு. உடனே 108-க்கு அழையுங்கள்.

வீட்டில் செய்யத் தக்கவை

மருத்துவரின் மருந்தோடு நம் கையிலும் சில கடமைகள் இருக்கின்றன. நாள்தோறும் குளிக்கும்போது முன்தோலை வலிக்காமல் பின்னுக்குத் தள்ளி, வெறும் தண்ணீரால் கழுவித் துடைத்து, மறுபடி முன்னுக்குக் கொண்டுவர வேண்டும். சிறுவர்களுக்குத் தானாக விலகாத முன்தோலை வலிந்து தள்ளக் கூடாது. தொடையிடுக்கை ஈரமின்றித் துடைத்த பிறகே உடை அணிய வேண்டும். பருத்தி உள்ளாடையே நல்லது. நனைந்த உடையோடு இருத்தல் ஆகாது.

நம் ஊர்களில் உள்ளாடையை யார் கண்ணிலும் படாமல் உலர்த்தும் வழக்கம் இருக்கிறது. கோவணத்தையும் உள்ளாடையையும் வேறு துணிக்கு அடியிலோ, வீட்டுக்குள் இருட்டு மூலையிலோ போடுகிறோம். அவை ஈரம் உலராமலே மறுநாள் அரைக்கு ஏறுகின்றன. கூச்சம் துணியைக் கூட விட்டுவைக்கவில்லை! அவற்றை நல்ல வெயிலில் போடுங்கள். யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். அரைஞாண் கயிறும் அவ்வாறே. ஆண்டுக்கணக்கில் மாற்றாத நூற்கயிறு வியர்வையையும் பூஞ்சையையும் தாங்கி நிற்கும். படர்தாமரை உள்ளவர் அதைக் கழற்றிவிட வேண்டும். சிகிச்சை முடிந்த பின் விருப்பமானால் புதியது கட்டலாம். துண்டும் உள்ளாடையும் ஒருவருடையதை ஒருவர் உபயோகிக்கக் கூடாது. அரிப்பு அடங்கியது என்று மருந்தைப் பாதியில் நிறுத்தக் கூடாது. படர்தாமரைக்கு வாரக்கணக்கில் மருந்து தேவைப்படும்.

'இரகசிய நோய்' தீர்ப்பதாகச் சுவரொட்டி ஒட்டி, அறை எடுத்துத் தங்கிப் பணம் பறிக்கும் போலி வைத்தியர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். பால்வினை நோயைத் தீர்ப்பதாகப் பொதுமக்களுக்கு விளம்பரம் செய்வதைத் தடுக்கும் சட்டம் 1954-ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இயற்றப்பட்டது. நமது கூச்சமே அவர்களுடைய மூலதனம்.

பஞ்சாயத்தின் பங்கு

பஞ்சாயத்து உறுப்பினர்களே, இனி உங்கள் பங்கைச் சொல்கிறோம். கிராம சபையில் ஆண்டுக்கு ஒரு முறையேனும் சுகாதார ஆய்வாளரையோ மருத்துவரையோ அழைத்து, ஆடவர்களுக்கு மட்டும் தனியாக அரை மணி நேரம் பேசச் செய்யுங்கள். கேள்வியைப் பெயரில்லாமல் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். இதுவரை யாரும் கேளாத கேள்விகள் வரும். பொதுக் கழிப்பறையிலும் குளியல் இடத்திலும் தண்ணீரும் தாழ்ப்பாளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். உட்புறம் தாழிட முடியாத இடத்தில் எவரும் நன்றாகக் குளிக்க மாட்டார்.

நம் பகுதியில் ஆலை வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் ஒரே அறையில் பலர் தங்குகிறார்கள். அங்கே ஒருவருக்குச் சொறி சிரங்கு வந்தால் அறை முழுவதும் பரவும். அவர்களும் நம் ஊர்த் தண்ணீரைக் குடிப்பவர்களே. அறைக்கு உரியவரிடம் பேசித் தண்ணீரும் துணி உலர்த்த இடமும் கிடைக்கச் செய்யுங்கள். சுகாதார ஊழியர் அவர்களையும் சென்று பார்க்க ஏற்பாடு செய்யுங்கள்.

ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் மருத்துவமும் மருந்தும் இலவசம். மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டம் 2021-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் வீட்டுக்கே வந்து சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கவனிக்கிறது. அவர்கள் வரும்போது ஆடவர் ஒதுங்கிப் போகாமல் விரலை நீட்டுங்கள். நேரில் கேட்கக் கூச்சப்படுவோர் 104 என்னும் எண்ணிலும், எச்.ஐ.வி., பால்வினை நோய் பற்றி 1097 என்னும் எண்ணிலும் கட்டணமின்றிக் கேட்கலாம். பேசுகிறவர் முகம் தெரியாது, ஐயம் தீரும்.

அன்பர்களே, மேடையில் இதைப் பேசுவதற்கு நமக்கும் கூச்சமாகவே இருந்தது. வரும் வழியில், வேறு பொருளைப் பேசிவிடலாமா என்றும் எண்ணினோம். அப்பொழுது பதினொரு மாதம் நின்றுகொண்டே இருந்த அந்தப் பெரியவர் நினைவுக்கு வந்தார். இக்கூட்டத்திலும், இடம் இருக்க, பின்னால் நின்றுகொண்டே கேட்கிற சிலரைக் காண்கிறோம். அவர்கள் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கலாம். ஒருவேளை இதுவே காரணமாயின், நாளைக் காலை ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருத்துவர் இருப்பார். துணைக்கு ஆள் வேண்டுமானால் நாமும் உடன் வருகிறோம்.